ஒரு பல்லு, ஒரு சைக்கிள், ஒரு வருஷ ஸ்காலர்ஷிப்: சின்ன ஊர் மிஷன்ல நான் தொலைச்சது

மிஷனுக்கு, அதாவது சபை அனுப்புற ஊருக்குப் போய் ரெண்டு வருஷம் வீடு வீடா மதம் பத்திப் பேசற ஊழியத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு அட்வைஸ் பண்ணவங்க ஒரு நாப்பது பேராவது இருப்பாங்க, எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "உன் வாழ்க்கைலயே சிறந்த ரெண்டு வருஷமா இருக்கும் பாரு". ஒருத்தர்கூட பல்ல பத்தி பேசல, சைக்கிள் பத்தி பேசல, காலேஜ்ல இருந்து வர்ற ஈமெயில யாரு பாப்பாங்கன்னு கேக்கல. பைபிள் வசனம் எல்லாம் நல்லா சொல்லிக்குடுத்தாங்க, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா நான் தடுமாறுனது வசனத்துல இல்ல. அதனாலதான் இத எழுதுறேன், இப்ப எந்த ஊருக்குப் போகணும்னு சபை அனுப்புற கால் லெட்டர் வாங்கி வெச்சிட்டு சூட்கேஸ் பேக் பண்ணிட்டு இருக்கற தம்பிங்க யாராவது படிச்சா உதவும்.

தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம். ஊர்ல எல்லாரும் மார்மன்னு சொல்ற எங்க சபையோட முழுப்பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830ல நியூயார்க் மாநிலத்துல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்சது, தலைமையகம் யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டி. 2018ல இருந்து மார்மன்ங்கற பேர தவிர்த்துட்டு முழுப்பேரையும் சொல்லுங்கன்னு சபைத் தலைவர் கேட்டுக்கிட்டாரு, நாங்களும் வாசல்ல நின்னு மூச்சு விடாம முழுப்பேரையும் சொல்லுவோம், அந்தம்மா உள்ள திரும்பி "மார்மன் பசங்க வந்துருக்காங்க"ன்னு கத்துவாங்க. பசங்க 18 வயசு ஆனா போலாம் (2012 வரைக்கும் பொதுவா 19), 24 மாசம். எந்த ஊருன்னு நாம கேக்க முடியாது, அவங்க அனுப்புற எடத்துக்குப் போகணும். சம்பளம் கிடையாது, இன்னும் சொல்லப்போனா நாமதான் கட்டணும். அமெரிக்கால இருந்து போறவங்களுக்கு மாசம் 400 டாலரா இருந்தது 2020 ஜூலைல இருந்து 500 ஆச்சு. நான் 2021ல போனேன், அப்ப மொத்தம் 12,000. அதுல 5,000 நான் ஸ்கூல் படிக்கும்போது வீக்கெண்ட் வேலை பாத்து சேத்தது, மிச்சம் அம்மா அப்பா. எங்க வீட்ல ரெண்டு பேருமே நான் சின்னப் பையனா இருக்கும்போதே சபைல சேந்துட்டாங்க, அதனால நான் காபி, டீ ரெண்டுமே இல்லாம வளந்த தமிழ்ப் பையன், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா என்னை ஏதோ வியாதிக்காரன் மாதிரி பாப்பாங்க, அது தனிக் கதை.

முதல் அடி கிளம்புறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சு, எனக்குத்தான் அப்ப தெரியல. அனுப்புன லிஸ்ட்ல ரெண்டு சூட், வெள்ளைச் சட்டை, நல்ல ஷூ, அப்பறம் சில ஏரியால சைக்கிள் தேவைப்படலாம்னு இருந்துச்சு. "தேவைப்படலாம்"ங்கறத நான் "கண்டிப்பா வேணும்"னு படிச்சிட்டேன். புது சைக்கிள், ஹெல்மெட், பூட்டு, விளக்கு எல்லாம் சேத்து 680 டாலர். போய் எறங்குன ஊரு கார் ஏரியா. சுத்தி வயலும் பண்ணை வீடும், ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுல பல மைலு, சைக்கிள்ல போனா போய்ச் சேந்ததும் திரும்பி வர்ற நேரம் ஆயிடும். ஏழு மாசம் அந்த சைக்கிள் எங்க அபார்ட்மென்ட் ஹால்ல சட்டை காயப் போட்ற கொடியா இருந்துச்சு. கடைசில டிரான்ஸ்ஃபர் வந்தப்ப தூக்கிட்டுப் போக வழியில்லாம சபைல ஒரு அண்ணனுக்கு 150 டாலருக்குக் குடுத்துட்டேன். 530 டாலர் காலி. ஷூல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, நடக்கறது நெசம். சைக்கிள் விஷயத்துல போய் எறங்குன அப்பறம் கேளுங்க, மிஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவன் தன் சைக்கிள எவன் தலைலயாவது கட்டத்தான் பாப்பான், நூறு டாலருக்குள்ள வாங்கிடலாம்.

தினசரி வாழ்க்கை எப்படின்னா, காலைல ஆறரைக்கு எந்திரிக்கணும், அரை மணி நேரம் எக்சர்சைஸ், குளிச்சு சாப்ட்டு எட்டு மணிக்குப் படிப்பு, தனியா கொஞ்சம், கம்பானியன் கூட கொஞ்சம். பத்து மணி வாக்குல வெளிய. நைட்டு ஒம்பது, ஒம்பதரைக்குள்ள வீடு, அடுத்த நாளுக்கு பிளான் போட்டு பத்தரைக்கு லைட் ஆஃப். வாரத்துல ஒரு நாள் பி-டே, துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குப் பேச. அதுவும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். கம்பானியன்னா கூடவே இருக்கற இன்னொரு மிஷனரிப் பையன், நாம தேர்ந்தெடுக்கறது இல்ல. அவர் கண்ணுல படுற தூரத்துலயும் காதுல கேக்கற தூரத்துலயும் எப்பவும் இருக்கணும், பாத்ரூம் மட்டும்தான் விதிவிலக்கு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபர், யாரு வேணா எங்க வேணா போவாங்க. முதல் பேரு யாரும் கூப்பிட மாட்டாங்க, எல்டர் போட்டு குடும்பப் பேருதான், பத்தொம்பது வயசுப் பையன எல்டர்னு கூப்பிட்டா ஊர்க்காரங்களுக்கு சிரிப்பு வரும். என் கறுப்பு பேட்ஜ்ல இருந்த பேர அந்த ஊர்ல ஒருத்தராலயும் படிக்க முடியல. முதல்ல கூச்சமா இருந்துச்சு, அப்பறம் பாத்தா கதவ சாத்தப் போறவங்ககூட "இத எப்படிப்பா சொல்றது"ன்னு நின்னு கேட்டாங்க, அந்த ஊர்ல எனக்குக் கெடச்ச பாதி உரையாடல் அந்தப் பேர வெச்சுதான் ஆரம்பிச்சது.

பெரிய நகரத்துக்குப் போறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, சின்ன ஊரு தீந்து போயிடும். நெசமா. ரெண்டாயிரம் சொச்சம் பேரு இருக்கற ஊரு, வீடு ஆயிரம்னு வெச்சுக்கங்க, ரெண்டு பேரு ஒரு நாளைக்கு நாப்பது கதவு தட்டுனா இருபத்தஞ்சு நாள்ல முடிஞ்சுது கதை. அதுக்கு முன்னாடி இருந்த எல்டர்ங்களும் அதே கதவத்தான் தட்டிருக்காங்க, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும். நான் வந்த மூணாவது வாரத்துல ஒரு பெரியவர் கதவத் தொறந்து "போன தடவை வந்த உயரமான பையன் எப்படி இருக்கான்"னு கேட்டாரு, அவன் போயே ஒரு வருஷம் ஆச்சு. சில வீட்ல நம்மள, எங்கள மாதிரியே வீடு வீடா போற இன்னொரு சபையான யெகோவா சாட்சிகள்னு நெனச்சு திட்டுவாங்க, இல்லங்க நாங்க வேறன்னு சொன்னா அதுக்கும் சேத்துத் திட்டுவாங்க. உங்க அப்பாவுக்கு எத்தனை பொண்டாட்டின்னு வாரம் ஒருத்தராவது கேப்பாங்க. பலதார மணத்த நிறுத்தறோம்னு சபை 1890லயே அறிவிச்சிடுச்சுன்னு சொல்லுவேன், அப்பறம் "எங்கம்மா ஒருத்தியவே எங்கப்பாவால சமாளிக்க முடியல"ன்னு சொல்லுவேன், ரெண்டாவது பதிலுக்குத்தான் சிரிப்பாங்க.

இங்க ரெண்டு விஷயம் சட்டம் சம்பந்தமா, நான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டது. ஒரு நாள் யாரும் கதவத் தொறக்கலன்னு நான் ஒரு தெரு முழுக்க ரோட்டோரம் நிக்கற தபால் பெட்டில எங்க அட்டைய போட்டுக்கிட்டே போனேன், ரொம்ப புத்திசாலித்தனமா நேரத்த மிச்சம் பண்றதா நெனப்பு. ஸ்டாம்ப் ஒட்டாத எதையும் அடுத்தவங்க மெயில்பாக்ஸ்ல போடக்கூடாது, அது அமெரிக்கால மத்திய அரசு சட்டப்படி குத்தம், அபராதம் போடலாம். எனக்குத் தெரியாது, என் டிரெய்னர் (புதுசா வர்றவனுக்கு வேலை சொல்லித் தர்ற முதல் கம்பானியன்) அண்ணிக்கு எதிர்த் தெருப் பக்கம் பாத்துட்டு நின்னாரு, கவனிக்கல. சாயங்காலம் ஒரு அம்மா போன் பண்ணி நல்லா வாங்கு வாங்குனு வாங்குனாங்க, அடுத்த நாள் காலைல போய் ஒவ்வொரு வீட்டு வாசலா நின்னு மன்னிப்பு கேட்டோம், அட்டைய மட்டும் அவங்களையே எடுத்துக் குடுக்கச் சொல்லி வாங்கிக்கிட்டோம், மறுபடி பெட்டிக்குள்ள கை விட பயம். அரை நாள் போச்சு. இன்னொண்ணு, பர்மிட் இல்லாம வீடு வீடா போகக் கூடாதுன்னு ஒரு போலீஸ்காரர் நிறுத்துனாரு. 2002ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துருக்கு, ஓஹையோல ஸ்ட்ராட்டன்னு ஒரு குட்டி கிராமம் போட்ட இதே மாதிரி விதிய எதிர்த்து யெகோவா சாட்சிகள் போட்ட கேஸ், எட்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சாங்க, மதம் பத்திப் பேச கதவு தட்டுறதுக்கு முன்கூட்டி பர்மிட் வாங்கணும்னு ஊர் நிர்வாகம் கட்டாயப்படுத்த முடியாது. என் டிரெய்னருக்கு இது மனப்பாடம். ஆனா அவர் ரோட்ல நின்னு போலீஸ்காரர்கிட்ட கோர்ட் தீர்ப்பு வாசிக்கல, "சரிங்க ஐயா, ஸ்டேஷனுக்கு நாங்களே வந்து பேசறோம்"னு சொல்லிட்டு, நேரா ஸ்டேஷனுக்குப் போயி, நாங்க யாரு, எங்க தங்கி இருக்கோம், எத்தனை நாள் இருப்போம், எங்க கார் என்ன கலருன்னு எல்லாம் சொன்னாரு. அதுக்கப்பறம் அந்தப் போலீஸ்காரர் எங்களப் பாத்தா லைட் அடிச்சுட்டுப் போவாரு. சின்ன ஊர்ல சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு காட்டி ஜெயிச்சா அடுத்த நாள்ல இருந்து ஒரு கதவும் தொறக்காது. அந்தத் தீர்ப்பு வீட்டுக்காரரோட உரிமையத் தொடல, வாசல்ல வேண்டாம்னு போர்டு இருந்தா, போன்னு சொன்னா, போயிடணும்.

கதவு தீந்து போன அப்பறம்தான் நெசமான கஷ்டம். பத்து மணிக்கு வெளிய வந்து நிக்கறோம், நைட்டு ஒம்பது மணி வரைக்கும் பதினோரு மணி நேரம், பாக்க வேண்டியவங்க லிஸ்ட்ல மூணு பேரு, அதுல ரெண்டு பேரு வீட்ல இல்ல. குளிர்காலம், சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டு, இருட்டுன அப்பறம் ரெண்டு பேரு சூட் போட்டு கதவு தட்டுனா யாரு தொறப்பா. கார் இருக்கு, ஆனா மாசத்துக்கு இத்தன மைல்னு கணக்கு, எங்களுக்கு ஆயிரம். கார்ல ஒரு சின்னப் பெட்டி வேற, கொஞ்சம் வேகமா போனா "வேகத்தப் பாரு"ன்னு அதுவே பேசும். ரிவர்ஸ் எடுக்கணும்னா கம்பானியன் எறங்கி பின்னாடி நின்னு கை காட்டணும், மழையா இருந்தாலும் சரி, இத ஊர்க்காரங்க வேடிக்கை பாக்கறதுக்குன்னே ஜன்னல்கிட்ட வருவாங்க. அந்தக் காலி நேரத்துல என்ன பண்றதுன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரல. ரெண்டு மாசம் கழிச்சு நாங்களே கண்டுபிடிச்சதுதான், லைப்ரரில புத்தகம் அடுக்கறது, முதியோர் இல்லத்துல வாரம் ரெண்டு நாள் சீட்டு இல்லாத விளையாட்டு எதாவது, விறகு வெட்டித் தர்றது, பனி அள்ளுறது. பனி அள்ள மட்டும் யாரும் வேண்டாம்னே சொல்ல மாட்டாங்க. மார்மன் புஸ்தகம் (பைபிளோட சேத்து நாங்க படிக்கற வேதபுஸ்தகம்) வேண்டாம்னு சொன்ன வீட்ல எல்லாம் வாசல்ல பனி அள்ளிருக்கேன். போன உடனே முதல் வாரத்துலயே இந்த எடங்களுக்குப் போய் பேர் குடுத்துடுங்க, நானா இருந்தா கதவு தட்டறத ரெண்டாவதா வெச்சிருப்பேன். இத எங்க டிஸ்ட்ரிக்ட் லீடர் (சுத்துவட்டார மிஷனரிங்களுக்குப் பொறுப்பா இருந்த எல்டர்) படிச்சா கோச்சுக்குவாரு, பரவால்ல.

சபையும் சின்னது. ஆள் நெறைய இருந்தா வார்டு, கம்மியா இருந்தா பிராஞ்ச், எங்களோடது பிராஞ்ச், நல்ல ஞாயித்துக்கிழமைன்னா முப்பது பேரு. அதனால திருவிருந்து அப்பம் எடுத்துக் குடுக்கறதும் நாங்க, பிரசங்கத்துக்கு யாராவது வரலன்னா திடீர்னு எழுந்து பேசறதும் நாங்க, நாற்காலி மடக்கறதும் நாங்க. பியானோ தெரியுமான்னு கேட்டாங்க, ஒரு விரல்ல தெரியும்னு சொல்லிட்டேன், அது எவ்ளோ பெரிய தப்புன்னு அடுத்த ஞாயிறே புரிஞ்சுது. போறதுக்கு முன்னாடி நாலு பாட்டாவது ஒழுங்கா வாசிக்கக் கத்துக்கிட்டுப் போங்க, சின்ன ஊர்ல அதுக்கு தங்கத்தோட மதிப்பு. சாப்பாடு, பெரிய வார்டுல தினம் ஒரு வீட்ல கூப்பிடுவாங்க, எங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் கெடச்சா பெருசு. மாசா மாசம் ஒரு கார்டுல சாப்பாட்டு செலவுக்குப் பணம் வரும், எனக்கு நூத்தி அம்பது டாலருக்குப் பக்கத்துல வந்துச்சு. முதல் மாசம் மூணாவது வாரத்துலயே தீத்துட்டேன். மீதி ஒரு வாரம் வெறும் ஓட்ஸ். கம்பானியன்கிட்ட கேக்கறதுக்கு கௌரவம் தடுத்துச்சு, அவரும் அதே வாரம் ஓட்ஸ்தான் சாப்ட்டாருன்னு அப்பறம் தெரிஞ்சுது, ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல எதிரெதிரா உக்காந்து "எனக்கு ஓட்ஸ்னா ரொம்பப் பிடிக்கும்"னு பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

இப்ப பல்லு. மிஷனுக்கு அப்ளை பண்ணும்போது டாக்டரும் பல் டாக்டரும் ஃபார்ம் நிரப்பணும், ஞானப்பல் எடுக்கணும்னா முன்னாடியே எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. நான் எடுத்துட்டேன். கீழ் இடது பக்கம் கடவாப்பல்லுல ஒரு சின்ன சொத்தை ஆரம்பிக்கற மாதிரி இருக்கு, ஆறு மாசம் கழிச்சு வா பாத்துக்கலாம்னு பல் டாக்டர் சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சு நான் எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, நான் வாயத் தொறந்து சொல்லல. அப்பவே அடைச்சிருந்தா ஒரு இருநூறு டாலர்ல முடிஞ்சிருக்கும். அந்த ஊருக்கு வந்து ஒம்பதாவது வாரம் ஐஸ் தண்ணி குடிச்சப்ப சுரீர்னுச்சு. ஊர்ல பல் டாக்டர் இல்ல, பக்கத்து நகரம் அறுபது மைல், போக வர நூத்தி இருபது. அந்த மாசம் எங்ககிட்ட மிச்சம் இருந்தது நூத்தி எண்பது மைல், அதுல ஒரு குடும்பத்துக்குப் பாடம் எடுக்கப் போகணும், அந்த அம்மா ஞானஸ்நானம் எடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தாங்க. என் பல்லுக்காக அவங்க பாடத்த நிறுத்துனா நான் என்ன மிஷனரின்னு மனசுக்குள்ள ஒரு பெரிய தியாகி எழுந்து நின்னுட்டான். வலது பக்கமா மெல்ல ஆரம்பிச்சேன்.

ஒவ்வொரு வாரமும், எங்க எல்லாருக்கும் மேல பொறுப்பா இருக்கற மிஷன் ப்ரெசிடென்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதணும், எப்படி இருக்க, என்ன கஷ்டம்னு. அது நேரா அவருக்குத்தான் போகும், நடுவுல வேற யாரும் படிக்க மாட்டாங்க. பதினோரு வாரம், பதினோரு லெட்டர்ல "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு எழுதுனேன். வீட்டுக்கும் அதே. முன்னெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வீட்டுக்குப் போன் பண்ண முடியும், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், 2019 பிப்ரவரில இருந்துதான் வாரா வாரம் பேசலாம்னு மாத்துனாங்க. அம்மா வீடியோ கால்ல "ஏன்டா ஒரு பக்கம் வீங்குன மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க, கேமரா அப்படிக் காட்டுதும்மான்னு சொல்லிட்டேன். அழுதுடுவாங்கன்னு பயம், அதுக்கு மேல ஒரு பயம், வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிடுவாங்களோன்னு. நடுவுல திரும்பி வந்தவன்னு ஒரு பேரு உண்டு எங்க சபைல, யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா பார்வைல இருக்கும். உடம்பு சரியில்லாம, மனசு சரியில்லாம வந்த பசங்க எத்தனையோ பேரு அந்தப் பார்வைக்கே சபைக்கு வர்றத நிறுத்திட்டாங்க. ஒரு பல்லுக்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்கன்னு இப்ப தெரியுது. நைட்டு மூணு மணிக்கு தாடைய கைல புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது அந்த அறிவு வராது.

விசித்திரம் என்னன்னா ஆறடி தள்ளி இன்னொருத்தன் தூங்கிட்டு இருக்கான். 24 மணி நேரமும் பக்கத்துலயே ஆள் இருந்தும் அவ்ளோ தனியா நான் என் வாழ்க்கைல இருந்ததே இல்ல. டிரெய்னர் மாறி அப்ப ரெண்டாவது கம்பானியன், அதிகம் பேசாத பையன், அவனுக்கும் ஏதோ உள்ள ஓடிட்டு இருந்துச்சு, காலைல எந்திரிக்கவே சிரமப்படுவான். நான் என் பல்ல மறைச்சேன், அவன் அவன் சோகத்த மறைச்சான், ரெண்டு பேரும் பாத்திரம் கழுவறதப் பத்தி சண்டை போட்டோம். ஒரு ஸ்பூனுக்காக மூணு நாள் பேசல, யோசிச்சுப் பாருங்க, மிஷன் விதிப்படி பிரியவே கூடாத ரெண்டு பேரு பேசாம கார்ல உக்காந்து போறத. மாசா மாசம் முதல் ஞாயிறு வர்ற உபவாசம், ரெண்டு வேளை சாப்பிட மாட்டோம், மத்தவங்க எல்லாம் மணி பாப்பாங்க, எனக்கு மட்டும் அந்த நாள் கொண்டாட்டம், மெல்ல வேண்டாமே.

கடைசில காட்டிக்குடுத்தது எக்ஸ்சேஞ்ச்ல வந்த எல்டர். ஒரு நாள் மட்டும் கம்பானியன மாத்திக்குவாங்க, டிஸ்ட்ரிக்ட் லீடர் வந்து நம்ம கூட வேலை பாப்பாரு. அவர் சாப்பாட்டு டேபிள்ல என்னையே பாத்தாரு, "நீ ஏன் ரொட்டிய தண்ணில நனைக்கற"ன்னு கேட்டாரு. எனக்கு அதுவரைக்கும் அப்படிப் பண்றேன்னே தெரியாது. அப்பறம் நெத்தில கை வெச்சுப் பாத்தாரு, காய்ச்சல். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போன எடுத்து ப்ரெசிடென்ட்டோட மனைவிக்குப் பண்ணிட்டாரு, எங்க மிஷன்ல மிஷனரிங்க உடம்பு விஷயம் எல்லாம் அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. அந்தம்மா திட்டல. "எத்தனை நாளா இருக்குப்பா"ன்னு மட்டும் கேட்டாங்க, நான் அழுதுட்டேன், பல் வலி தாங்காமன்னு டிஸ்ட்ரிக்ட் லீடர் நெனச்சிருப்பாரு. அடுத்த நாள் காலைல அறுபது மைல் போனோம். வேர்ல சீழ் கட்டியிருந்துச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா வேர் சிகிச்சை பண்ணி பல்லக் காப்பாத்திருக்கலாம்னு பல் டாக்டர் சொன்னாரு, இப்ப புடுங்கறத தவிர வழியில்ல. எக்ஸ்ரே, மருந்து, புடுங்குனது எல்லாம் சேத்து 420 டாலர், வீட்லதான் கட்டுனாங்க. நாலு நாள் படுக்கை. அந்த நாலு நாளும் என் கம்பானியன்தான் கஞ்சி மாதிரி ஏதோ வெச்சுக் குடுத்தான், ரெண்டாவது நாள் நைட்டு அவனே அவன் கதைய சொன்னான். அவனும் அந்தம்மாவுக்கு போன் பண்ணான், வாரா வாரம் ஒரு கவுன்சிலர்கிட்ட வீடியோல பேச ஏற்பாடு ஆச்சு. அப்பறம் ஸ்பூன் சண்டை வரல.

மைல் விஷயத்த ப்ரெசிடென்ட் இன்டர்வியூல கேட்டாரு, ஏன்டா சொல்லலன்னு. மைல் பத்தலன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம், "எல்டர், டாக்டர்கிட்ட போறதுக்கு மைல் வேணும்னா ஒரு போன் பண்ணா போதும், அந்த வாரமே ஏத்தி விட்டுருப்போமே"ன்னாரு. அவ்ளோதான். ஒரு போன் கால். அதனால தம்பிங்களா, எந்த விதி உங்களக் கட்டிப் போடுதுன்னு நெனக்கறீங்களோ அத வெச்சிருக்கறவங்ககிட்டயே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. வாராந்தர லெட்டர்ல ஒரு வரியாவது உண்மைய எழுதுங்க, "முழங்கால் வலிக்குது, தூக்கம் வரல, கம்பானியன் கூட ஒத்து வரல", இவ்ளோ போதும். அப்பறம் கிளம்புறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போய், ரெண்டு வருஷத்துக்கு நான் திரும்பி வர மாட்டேன், இப்பவே எல்லாத்தையும் முடிச்சு விடுங்கன்னு இந்த வார்த்தையிலயே சொல்லுங்க.

இவ்ளோ பட்டும் ஸ்காலர்ஷிப் போனது எனக்குத் தெரியவே இல்ல. காலேஜ்ல சேந்துட்டு, ரெண்டு வருஷம் தள்ளிப் போட அனுமதி வாங்கிட்டுத்தான் போனேன், ஃபார்ம் குடுத்தாச்சு, சீட்டு பத்திரம்னு ஒரு நிம்மதி. சீட்டு வேற, ஸ்காலர்ஷிப் வேறன்னு எனக்குப் புரியல. திரும்பி வர்றதுக்கு நாலஞ்சு மாசம் முன்னாடி ஸ்காலர்ஷிப் ஆபீஸ்ல இருந்து, வர்றேன்னு உறுதி பண்ணுங்கன்னு மெயில் வந்திருக்கு, என் ஸ்டூடன்ட் ஐடிக்கு. அத நான் மிஷன்ல தொறந்தே பாக்கல. அம்மா ஒரு தடவை சந்தேகப்பட்டு காலேஜுக்கு போன் பண்ணிருக்காங்க, உங்க பையன் பத்தி உங்ககிட்ட பேச முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அமெரிக்கால 1974ல வந்த ஒரு சட்டம் இருக்கு, காலேஜ்ல சேந்துட்டா, இல்ல 18 வயசு ஆயிட்டா, படிப்பு சம்பந்தப்பட்ட விவரத்து மேல உரிமை பையனுக்குத்தான், அம்மா அப்பாவுக்கு சொல்லணும்னா பொதுவா அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கணும். ஒரு பக்க ஃபார்ம். நான் போடல. கெடு முடிஞ்சு போச்சு, முதல் வருஷ ஸ்காலர்ஷிப் 4,000 டாலர் வேற யாருக்கோ போயிடுச்சு. கெஞ்சிப் பாத்தேன், ரெண்டாவது வருஷத்துக்கு மறுபடி அப்ளை பண்ணுன்னாங்க, பண்ணேன், பாதிதான் கெடச்சுது. ஆக, கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஃபார்ம்ல கையெழுத்து, காலேஜ் மெயில் எல்லாம் அம்மா அப்பா மெயிலுக்குப் போற மாதிரி செட்டிங், பேங்க்ல அவங்க பேரையும் சேக்கறது, லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு பாக்கறது. லைசென்ஸ் எனக்குத் தப்பிச்சுது, என் மூணாவது கம்பானியனுக்கு நடு மிஷன்ல முடிஞ்சு போயி, ஆறு வாரம் முழுக்க நானே வண்டி ஓட்டுனேன், அவன் மழைல எறங்கி எறங்கி கை காட்டுனான்.

அந்த ஊர விட்டு டிரான்ஸ்ஃபர்ல கிளம்புன அன்னிக்கு, உயரமான பையனப் பத்திக் கேட்ட அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். ஏழு மாசத்துல அவர் ஒரு பாடம்கூட கேக்கல, ஒரு தடவைகூட சபைக்கு வரல. ஆனா என் பேர ஒரு எழுத்து பிசகாம சொன்னாரு, பேப்பர்ல எழுதி வெச்சு பழகிருக்காரு. ஞானஸ்நானம் எடுக்கலாம்னு யோசிச்ச அந்த அம்மா கடைசி வரைக்கும் யோசிச்சிட்டேதான் இருந்தாங்க. நான் பல்ல விட்டு மிச்சம் புடிச்ச மைல் எல்லாம் அவங்க வீட்டு வாசல் வரைக்கும்தான் போச்சு. அதுக்கு அவங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, என் பல்ல அவங்களா கேட்டாங்க?

மிஷன் முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த எடத்துல இம்ப்ளான்ட் போடலன்னா பக்கத்துப் பல்லும் சாஞ்சிடும்னு இப்ப பாக்கற டாக்டர் சொல்றாரு, 3,500 டாலர் ஆகும்ங்கறாரு, சேத்துக்கிட்டே இருக்கேன், அப்பறம் அது செமஸ்டர் ஃபீஸுக்குப் போயிடுது. இன்னும் வலது பக்கம்தான் மெல்றேன். போன வாரம் அம்மா போன் பண்ணி, "அந்தப் பக்கம் வலி எதும் இல்லையேடா"ன்னு கேட்டாங்க. எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்பறம், "சரி, எந்த நாள் லீவு, நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன்"ன்னாங்க.